பாதிக் குளம்

மீன்கள் குளியல் தொட்டியில் இருந்தன. குளம் தோட்டத்தில் இருந்தது. பல் டாக்டர் குளத்தில், முழங்கால் வரை கருப்புச் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

குளத்தைச் சரிசெய்துவிட்டு மீன் வாங்குவதுதான் முறை. டாக்டர் மீனை முதலில் வாங்கிவிட்டார். கோய் என்னும் அலங்கார மீன்கள். செம்மஞ்சளும் வெள்ளையுமாக, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அன்றிலிருந்து அவர் மனைவி குளிக்கும்போது பத்துக் கண்கள் பார்த்தன. எதுவும் இமைப்பதில்லை.

"என்னங்க, ஒண்ணு மீன் வெளிய போகணும், இல்ல நான் வெளிய போகணும்."

"மீனுக்குப் போக இடம் இல்லையேம்மா."

"எனக்கு இருக்கு. எங்க அம்மா வீடு."

அதனால்தான் விடுமுறை நாளில் சேறு.

குளம் பக்கத்து வீட்டு வேலியை ஒட்டிக் கிடந்தது. செடிவேலி. அதற்கு மேலே பக்கத்து வீட்டு வக்கீலின் தலை தெரிந்தது. நிலத் தகராறு வழக்குகளில் பெயர் வாங்கியவர்.

"டாக்டர், நாத்தம் குடலைப் புரட்டுது. உள்ள பிணம் கிணம் கிடக்கா?"

"பழைய சேறு சார். இத்தனை வருஷமா யாரும் தொடலை."

"பழசோ புதுசோ, உங்க குளம், உங்க பொறுப்பு. இப்ப வாயால சொல்றேன். அடுத்தது நோட்டீஸ்தான்."

டாக்டர் பல்லுக்குச் செய்வதைக் குளத்துக்கும் செய்தார். கம்பி பிரஷ் வைத்து, மூலை முடுக்கு விடாமல் கறையைச் சுரண்டினார். பாசி போனது. பாசியோடு சிமெண்டும் போனது. தண்ணீர் நிரப்பினார். காலையில் குளம் காலி. தண்ணீர் முழுவதும் வக்கீலின் கார் ஷெட்டில் இருந்தது.

"டாக்டர், என் கார் மிதக்குது!"

"மிதக்கல சார். நனைஞ்சிருக்கு."

"யார் வீட்டுத் தண்ணி அது?"

"எங்க வீட்டுத் தண்ணிதான்."

"அதைச் சொல்லுங்க."

விரிசலைக் கண்டுபிடித்தார். குழியைத் தோண்டி, சுத்தம் செய்து, காயவைத்து, அடைத்தார். இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. வேலை மும்முரத்தில், "இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க" என்று குளத்திடம் சொன்னார். மனைவி கேட்டுவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீர் பச்சையானது. பெயிண்ட் கொட்டியது போல் பச்சை.

தண்ணீர் ஓடினால் தெளியும் என்றார் மோட்டார் கடைக்காரர். டாக்டர் அங்கே இருந்ததிலேயே பெரிய மோட்டாராகப் பார்த்து வாங்கினார். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் எழும்பியது, வளைந்தது, வேலியைத் தாண்டியது. அந்தப் பக்கம் கொடியில் வக்கீலின் கருப்பு கவுன் காய்ந்துகொண்டிருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு நான் கோர்ட்டுக்குப் போனா என்னை யாருன்னு நினைப்பாங்க?" என்று வக்கீல் கத்தினார்.

"வனத்துறைன்னு நினைப்பாங்க" என்றாள் டாக்டரின் மனைவி, உள்ளே இருந்து.

"சிரிங்க, நல்லா சிரிங்க. அந்தக் குளத்தோட ஒவ்வொரு சொட்டும் உங்களோடது. எந்தக் கோர்ட்லயும் வந்து சொல்வேன்."

அன்று மாலை மனைவி டாக்டரின் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கினாள்.

"போதும். நீங்க தொடத் தொடத்தான் அது கெடுது. கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

உட்காருவதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய்தார். ஒரு டிரம்மில் கூழாங்கற்களை நிரப்பி, சின்ன மோட்டார் வைத்து, குளத்துத் தண்ணீரை அதன் வழியே ஓடவிட்டார். கல்லில் நல்ல கிருமிகள் குடியேற வேண்டும். அவை அழுக்கைத் தின்ன வேண்டும். வாழ்நாளெல்லாம் கிருமியைக் கொன்ற மனிதர், கிருமி பிழைக்க வேண்டுமே என்று டிரம் பக்கத்தில் கவலையோடு உட்கார்ந்திருந்தார். மனைவி நட்ட அல்லி இலை விரித்து வெயிலை மறைத்தது.

ஒரு காலையில் குளத்தின் அடி தெரிந்தது. அடியில் டாக்டரின் மூக்குக்கண்ணாடி கிடந்தது.

மீன்கள் இடம் மாறின. மனைவி குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு நெடுநேரம் குளித்தாள். பாட்டுச் சத்தம் தெருவரை கேட்டது.

வக்கீல் முதலில் எட்டிப் பார்த்தார். பிறகு ரொட்டித் துண்டு போட்டார். பிறகு நாற்காலி கொண்டுவந்தார். பிறகு விருந்தாளிகளைக் கூட்டிவந்து, "நம்ம குளம்" என்றார். ஒருநாள் டாக்டர் கிளினிக்கிலிருந்து திரும்பியபோது வேலியைக் காணவில்லை.

"சார், வேலி?"

"காய்ஞ்சு போச்சு, வெட்டிட்டேன். அது கிடக்கட்டும். வேலியை நட்டவன் தப்பா நட்டிருக்கான் டாக்டர். குளத்துல பாதி என் இடம்."

டாக்டரின் மனைவி வெளியே வந்தாள். "நாத்தம் அடிச்சப்போ முழுசும் எங்களோடது. மீன் வந்ததும் பாதி உங்களோடதா?"

"கோபப்படாதீங்கம்மா. நடுவுல கம்பி வலை போட்டுடறேன். என் பக்கம் நீந்தற மீன் என்னுது, உங்க பக்கம் நீந்தறது உங்களோடது. இதுல என்ன தகராறு?"

ரொட்டிக்குப் பழகிய மீன்கள் எல்லாமே அப்போது அவர் பக்கம் இருந்தன.

"பாருங்க, அதுங்களே சாட்சி சொல்லுது" என்றார் வக்கீல்.

டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கிளினிக்கில் சொத்தைப் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லில் இடுக்கியை வைத்தார். நோயாளி உதைத்ததால் பல் பிழைத்தது. டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார், நேராக வக்கீல் வீட்டுக்குப் போனார். அந்தத் தெருவில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான்.

"அளந்துடலாம் சார். எல்லை எங்க வருதோ, அங்க வேலி. ரெண்டு பேரும் ஒத்துக்கணும்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நீங்க?"

"நானா? தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்றேன். எல்லை எங்க வருதோ, அதுக்கு மேல ஒரு அடி எனக்கு வேணாம். சர்வேயரைக்கூட நானே கூட்டிட்டு வரேன். கோர்ட்டே நம்பற ஆள்."

சர்வேயர் அதிகம் பேசாதவர். தெருமுனைக் கல்லிலிருந்து தொடங்கினார். நாடாவை இழுத்துக்கொண்டு டாக்டரின் வாசலைக் கடந்தார், தோட்டத்தைக் கடந்தார், குளத்தின் கரைக்கு வந்தார். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சர்வேயர் நிற்கவில்லை. குளத்தைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, வக்கீல் வீட்டுப் பின்கதவைத் தட்டி உள்ளே போனார்.

"தண்ணி குடிக்கப் போறார்போல" என்றார் வக்கீல்.

உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்தது. சர்வேயர் நாடாவைச் சுற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன, பாதியா? இல்ல முக்காலா?" என்று வக்கீல் சிரித்தார்.

"குளத்துல தகராறே இல்ல சார், முழுசா டாக்டரோடது. எல்லை உங்க சமையலறைக்குள்ள போகுது, அடுப்பும் டாக்டரோடதுதான்."