உளவியலுக்கு எதிராக ஓர் எலக்ட்ரீஷியன்

எலக்ட்ரீஷியன் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். அவர் முடிவுகளுக்கு ஆன் மட்டும்தான் உண்டு. ஆஃப் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எடுத்த முடிவு இது: இந்த வீட்டுக்குள் உளவியல் நுழையக் கூடாது.

ஆனால் அது ஏற்கெனவே நுழைந்து, சாப்பாட்டு மேஜையில், தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் சம்பிரமமாக உட்கார்ந்திருந்தது. இருநூற்றெண்பது பக்கப் பாடப்புத்தகம். அட்டையில் ஒரு மனிதத் தலை, தலைக்குள் சிக்குப் பிடித்த நூல்கண்டு. மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. விருப்பப் பாடமாக எதை எடுத்தாள் என்று அவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. புத்தகம்தான் காட்டிக் கொடுத்தது.

"உளவியலா? யாரை உளவு பாக்கப் போறே?"

"உளவு இல்லப்பா, உளம். மனசு."

"மனசைப் பத்திப் படிக்க என்ன இருக்கு? அதுதான் எல்லார்கிட்டயும் இருக்கே!"

"கரண்ட்டும்தான் எல்லார் வீட்லயும் இருக்கு. அப்புறம் உங்களை எதுக்குக் கூப்பிடறாங்க?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அது அவர் மனைவி. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை. பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்துவிட்டு, உள்ளே மெஷின் சத்தம் கேட்டதும் வாசலைத் தேடுகிறவர்களை நைச்சியமாகப் பேசி நாற்காலியில் உட்கார வைப்பதுதான் அவள் உத்தியோகம். பதினோரு வருஷத்தில் மூன்றே மூன்று பேர்தான் தப்பி ஓடியிருக்கிறார்கள். அதிலும் இரண்டு பேர் மறுநாள் தாங்களாகவே வந்துவிட்டார்கள்.

"இதைப் படிச்சா என்ன கிடைக்கும்?"

"மனுஷங்களைப் புரிஞ்சுக்கலாம்," என்றாள் மனைவி.

"பதினெட்டு வருஷமா உன்கூட இருக்கேன். எனக்கு ஏதாவது புரிஞ்சுதா?"

"அதனாலதான் அவளாவது படிக்கட்டும்னு சொல்றேன்."

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, போன வருஷம் என் பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு ஆறு மாசம் யார்கூடயும் பேசல. டீச்சர் அடம்னு சொன்னாங்க. ஒரு நாள் என்கிட்ட மட்டும் பேசினா. அன்னிக்கு முழுக்கப் பேசினா. ஏன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

அவர் அட்டையிலிருந்த நூல்கண்டை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். ஆனாலும் முடிவு முடிவுதானே! "அதெல்லாம் சரி கண்ணு. கம்ப்யூட்டர் எடு. கம்ப்யூட்டர் பேசலேன்னா ஒயரைப் பாத்தாப் போதும்."

பாடத்தை மாற்றிக்கொள்ளப் பள்ளியில் பதினைந்து நாள் அவகாசம் இருந்தது. அதற்கு ஒரு படிவம். படிவத்தில் அப்பா, அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அன்றே போட்டுவிட்டார். பேனாவை மனைவியிடம் நீட்டினார்.

"எனக்குக் கை வலிக்குது," என்றாள் அவள்.

"எப்போலேருந்து?"

"நீங்க பேனாவை நீட்டினதுலேருந்து."

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். மறுநாள் மகள் விளையாட்டு வகுப்புக்காகப் புத்தகத்தை வீட்டில் விட்டுப் போன நேரம் பார்த்து, அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். பட்டறை மேஜையில் ஒரு மின்விசிறி வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. அதற்குள் குனிந்திருப்பதுபோல் பாவனை செய்துகொண்டு படித்தார். எந்தப் படிப்பால் மகளைக் கெடுக்கப் பார்க்கிறார்களோ, அதே படிப்பால் மனைவியை வழிக்குக் கொண்டுவருவது என்று சங்கற்பம்.

மூன்றாம் பாடத்தில் வழி கிடைத்தது. ஒரு நாய். நாய்க்குச் சாப்பாடு வைக்கும்போதெல்லாம் மணி அடிக்கிறார்கள். நாள்பட நாள்பட, சாப்பாடே வைக்காமல் மணி அடித்தாலும் நாய்க்கு எச்சில் ஊறுகிறது.

"மணியா?" என்று அவர் துள்ளினார். "அட, இது நம்ம டிபார்ட்மெண்ட்!"

அன்று மாலையே கூடத்துச் சுவரில் ஒரு மின்மணி ஏறியது. சுவிட்ச் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில். திட்டம் எளிமையானது. மணி அடிக்க வேண்டும். மனைவி வந்ததும் ஒரு சாக்லேட்டும் ஒரு பாராட்டும் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் போனால், மணிச் சத்தம் கேட்டாலே அவள் மனம் பாகாய் உருகி நிற்கும். அந்த உருகலில் படிவத்தை நீட்ட வேண்டும்.

டிர்ர்ங்.

"என்ன?" என்று மனைவி வந்தாள்.

"சும்மாதான். இந்தா, சாக்லேட். இந்தப் புடவையில நீ ரொம்ப லட்சணமா இருக்கே."

"அப்படியா? தேங்க்ஸ்." சாக்லேட்டை வாங்கிக்கொண்டாள். "நின்னுட்டுதானே இருக்கீங்க? குப்பைக் கூடையைக் கொஞ்சம் வெளிய வெச்சிடுங்க."

இவ்வளவு சந்தோஷமாக இருப்பவளிடம் மறுப்பானேன்? கொண்டுபோய் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஒரு டிர்ர்ங், ஒரு சாக்லேட், "உன் குரல் இருக்கே, குரல்!" ஒரு குப்பைக் கூடை. புதன்கிழமையும் அதேதான். வியாழக்கிழமை பாராட்டுச் சரக்கு தீர்ந்துபோய், "உன் முழங்கை நல்லா இருக்கு" என்றார். முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூடையை நீட்டினாள்.

சனிக்கிழமை மதியம் அவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். டிர்ர்ங் என்றது. அரைத் தூக்கத்தில் எழுந்தார். நேராகச் சமையலறைக்குப் போனார். குப்பைக் கூடையைத் தூக்கினார். வாசல் கதவைத் திறந்தார்.

வெளியே பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், அழைப்பு மணியிலிருந்து விரலை எடுக்காமல் நின்றிருந்தார்.

"என்ன சார், மத்தவங்க வீட்ல வந்தவங்களுக்குத் தண்ணி குடுப்பாங்க. நீங்க குப்பை குடுக்கறீங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மணி அடித்தது யாருக்கு, எச்சில் ஊறியது யாருக்கு!

வேறொரு ஆளாக இருந்தால் அத்தோடு மணியைக் கழற்றி, வெள்ளைக்கொடி ஏற்றியிருப்பார். எலக்ட்ரீஷியன் மணியை மட்டும் கழற்றினார். மகள் புத்தகத்தை வீட்டில் விட்டுப் போன நாளெல்லாம் அதைக் கடைக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் அதில் விழுந்தார். நினைவு, உணர்ச்சி, ஆளுமை என்று ஒவ்வொரு பாடமாக விழுங்கினார். அச்சத்துக்கென்று பதினான்கு பக்கம் இருந்தது. ஏணியின் கடைசிப் படியில் நிற்கும்போது தன் முழங்கால் ஏன் தந்தியடிக்கிறது என்பதை ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாகத் தெரிந்துகொண்டார். ஒரு வாடிக்கையாளர் மிக்ஸியோடு அரைமணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. 'பகையாளியைத் தெரிஞ்சுக்கிறது தப்பில்ல' என்று மனசாட்சியைத் தட்டிக்கொடுத்தார்.

ஒன்பதாம் பாடத்தில் இன்னொரு ஆயுதம் அகப்பட்டது. பெரிய உதவி வேண்டுமானால், முதலில் சின்ன உதவி கேள். சின்னதற்குத் தலையாட்டியவர் பெரியதற்கும் தலையாட்டுவார்.

பதினான்காம் நாள் மாலை ஆரம்பித்தார்.

"ஏம்மா, அந்த ஜன்னலைச் சாத்தறியா?"

சாத்தினாள்.

"அந்த டெஸ்டரை எடுத்துத் தர்றியா?"

தந்தாள்.

"இந்தச் சட்டையில பட்டன் சரியா இருக்கான்னு..."

"என்னங்க, சுத்தி வளைக்காம அந்தப் படிவத்தைக் குடுங்க."

வாங்கினாள். போட்டாள். முழுப்பெயரும் தேதியும் போட்டுக் கீழே ஒரு கோடும் இழுத்தாள்.

ஜன்னல், டெஸ்டர், அரைப் பட்டன், இவ்வளவுதானா!

"ஆனா ஒண்ணு. நீங்களே ஸ்கூலுக்குப் போய்க் குடுத்துடுங்க. என் கையால குடுக்க எனக்கு மனசு வராது."

"அதுக்கென்ன, நானே போறேன்!"

மகள் மேஜையிலிருந்த புத்தகத்தை எடுத்து, அட்டையை ஒரு தடவை துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு உளவியல் ஆசிரியை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆசிரியை படிவத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாள்களில் முதல் தாளைப் பார்த்தார்.

"நல்ல முடிவு சார். இந்தப் பாடம் உங்க பொண்ணுக்குக் கஷ்டம்தான்."

"என்னது?"

"எல்லாருக்கும் வராது சார். வீட்ல கூட உக்காந்து சொல்லிக் குடுக்க ஆள் வேணும்."

"ஏன், நாங்க ஆள் இல்லையா?"

ஆசிரியை மறுபடியும் தாளைப் பார்த்தார். "உங்களைக் குறை சொல்லல சார். ஒயர், பல்புன்னு இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்?"

எலக்ட்ரீஷியன் எழுந்தே விட்டார்.

"எனக்கா புரியாது? கேளுங்க மிஸ்! மூணாம் பாடம் நாய். அஞ்சாம் பாடம் நினைவு. அதுலயே மறதி மூணு வகை. அச்சம் ஏன் வருது, உடம்புல எங்க முதல்ல தெரியும், எல்லாம் சொல்லவா? நூத்தி அறுபதாம் பக்கத்துல மூளைப் படம் தலைகீழா அச்சாகியிருக்கு, அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்," என்றார் ஆசிரியை. இந்தத் தடவை தாளைப் பார்க்கவில்லை.

"என் பொண்ணுக்குக் கஷ்டமா? ஊரே அடம்னு சொன்ன ஒரு பொண்ணு வாய் திறந்து பேசினதே இவகிட்டதான்! அவ இதைத்தான் படிப்பா. யார் தடுக்கறாங்கன்னு பாக்கறேன்!"

தடுத்துக்கொண்டிருந்த ஒரே ஆள், மேஜையிலிருந்த படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார். "நான் முடிவு பண்ணிட்டேன். பாப்பா உளவியல்தான் படிக்கறா. இதுல மாத்துப் பேச்சே கிடையாது."

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவருடைய சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் குத்தியும் விடவில்லை.

"நீங்க முடிவெடுத்துட்டா அப்புறம் நாங்க என்ன பேசறது?" என்றாள் மனைவி, பாத்திரம் தேய்த்துக்கொண்டே, மிகவும் பணிவாக.

அவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வீட்டுத் தலைவன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. அப்போது மேஜையில் மனைவியின் போன் அடித்தது.

"கையெல்லாம் சோப்புங்க. கொஞ்சம் ஸ்பீக்கர்ல போடுங்களேன்."

போட்டார். உளவியல் ஆசிரியையின் குரல் கூடம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

"அம்மா, நீங்க எழுதிக் குடுத்தது மூணு பக்கம். உங்க வீட்டுக்காரர் நாலாவது வரியிலயே கிழிச்சுட்டாரு. மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வெச்சுக்கட்டுமா?"