பேட்டன்ட் அண்ணனும் ஐந்தாவது படியும்

பெரம்பலூரில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரை அதிகம் ஓடவிட்ட மனிதர் பேட்டன்ட் அண்ணன்தான். பழைய பஸ் ஸ்டாண்டு அருகே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. "கால் போனா என்ன, நாலு சக்கரம் வந்துச்சுல்ல" என்பார். அந்தச் சக்கர நாற்காலியைக் கம்பெனிக்காரன் செய்து கொடுத்தபடி அவர் ஒருநாளும் விட்டுவைத்ததில்லை.

பூத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். தொண்ணூற்றெட்டில் நான் சேர்ந்த முதல் வாரமே வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா டைப்பு, இங்கிலீஷ் வருமா?"

"ஹையர் பாஸ் பண்ணியிருக்கேண்ணே."

"அது விரலுக்கு. மண்டைக்கு வருமா? ஒரு கண்டுபுடிப்ப எழுதி மெட்ராஸுக்கு அனுப்பணும். வேற எவனும் காப்பியடிக்காம நம்ம பேருல பதிஞ்சு வெக்கணும். அதான் பேட்டன்ட்டு."

அன்றிலிருந்து அவர் தமிழில் சொல்வார், நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடிப்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பல கண்டுபிடிப்புகள் உருத்தெரியாமல் போயிருக்கும் என்பது என் சந்தேகம்.

முதல் கண்டுபிடிப்பு, பொத்தானை அழுத்தினால் நாற்காலிக்குப் பின்னாலிருந்து விரியும் குடை. நல்ல ஆடி மாதத்தில், நட்டநடு ரோட்டில் சோதித்தார். குடை விரிந்ததும் காற்று அதைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் இரண்டு டீக்கடைகளைக் கடந்து, ஓர் அம்மாளின் சின்ன வெங்காயக் கூடையில் போய் மோதித்தான் நின்றார். அந்த அம்மாள் திட்டிய திட்டை எந்த மொழியிலும் டைப் அடிக்க முடியாது. நான் பதறிக்கொண்டு ஓடினேன்.

"பாத்தியாம்மா டைப்பு! பெட்ரோல் இல்லாம ஓடுச்சு! இதுக்குத் தனியா ஒண்ணு அடி!" என்றார், தலைமுடியிலிருந்து வெங்காயச் சருகை எடுத்துக்கொண்டே.

அடுத்தது, கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் ஓடும் நாற்காலி. இது எப்போதோ வெளிநாட்டில் வந்துவிட்டது என்று பதில் வந்தது. மனிதர் உடைந்துபோவார் என்று பயந்துகொண்டே படித்துச் சொன்னேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது.

"எவனோ ஒருத்தன் எங்கயோ உக்காந்துகிட்டு நம்மள மாதிரியே யோசிச்சிருக்கான் பாரு. நல்ல மனுசனாத்தான் இருப்பான்."

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தவர் வருஷத்தில் ஒருநாள் மட்டும் பேசமாட்டார். பஸ் பாஸ் புதுப்பிக்க ஓர் ஆபீசுக்குப் போக வேண்டும். அதற்கு ஏழு படி. யாராவது இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். "ஏத்துறப்ப மாப்ள மாதிரி தூக்குறானுங்க, எறக்குறப்ப சிமெண்ட்டு மூட்டை" என்று அங்கே எல்லாரையும் சிரிக்க வைப்பார். திரும்பி வந்தபின் பூத்தின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஆகவே படி ஏறும் நாற்காலி. பாடாலூரில் டிராக்டர் டிரெய்லர்களுக்கு வெல்டிங் வைக்கும் காதர் பாயைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். எட்டு மாதம் உழைத்தார்கள். பக்கத்துக்கு மூன்று சின்னச் சக்கரங்கள், முக்கோணமாக. கைப்பிடியைச் சுற்றினால் ஒன்று படியில் முட்டும், அடுத்தது மேல்படியில் ஏறி உட்காரும்.

"ஏறிடுமா பாய்?" என்றேன்.

"இன்ஷா அல்லா ஏறிடும்மா."

"ஏறலேன்னா?"

"அதுக்கும் இன்ஷா அல்லாதாம்மா."

பாஸ் புதுப்பிக்கும் அந்த நாளும் வந்தது. மனு கொடுக்க வந்த கூட்டமெல்லாம் மனுவை மறந்து சுற்றி நின்றது. அண்ணன் படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். ஒன்று. இரண்டு. கூட்டம் சத்தமாக எண்ணியது. ஐந்தாவது படியில் 'கடக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் வண்டி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

நாலு பேர் தூக்க ஓடினார்கள்.

"எவனும் தொடாதீங்க! சோதனை நடக்குது!" என்று அலறினார்.

ஒரு மணி நேரம் நடந்தது சோதனை. கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறி இறங்கியது. கடைசியில் அதிகாரியே வெளியே வந்து படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லி அனுப்பியிருந்தா நானே கீழ வந்திருப்பேனே. எதுக்குங்க இவ்ளோ கஷ்டம்?"

அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "சார், நீங்க எறங்கி வந்தா அது உங்க நல்ல மனசு. நான் ஏறி வந்தா அது என் வேலை. என் வேலைய நான்தான சார் பாக்கணும்?"

இரண்டே மாதத்தில் அந்தப் படிகளின் ஓரத்தில் சிமெண்டுச் சாய்தளம் கட்டிவிட்டார்கள். ஊரே பாராட்டியது. அண்ணனுக்கோ ஆத்திரம் தாங்கவில்லை.

"எட்டு மாச உழைப்பும்மா! ரெண்டு மூட்டை சிமெண்ட்டக் கொட்டி மூடிட்டானுங்க!"

பகையாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற முகத்தோடுதான் அதில் ஏறப் போனார். கட்டியவர் அதை ஓட்டுவீட்டுக் கூரை அளவுக்குச் சரிவாகக் கட்டியிருந்தார். பாதி தூரத்தில் அண்ணன் மூச்சு வாங்கக் கையை எடுத்தார். வண்டி விறுவிறுவென்று பின்னால் உருண்டு, கிளம்பின இடத்துக்கே வந்து நின்றது. அண்ணன் முகத்தில் பழைய சிரிப்பு. "ஆஹா! இதுல ஒரு குறை இருக்கும்மா டைப்பு!"

சைக்கிள் ஃப்ரீவீலை அறுத்துக் காதர் பாய் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பல் செய்து கொடுத்தார். அதை மாட்டினால் சக்கரம் முன்னால் மட்டும்தான் போகும். நடுவழியில் கையை விட்டாலும் பின்னால் உருளாது. ஒரே பக்கத்தில் அடித்து அனுப்பினோம்.

பதில் வர வருஷங்கள் ஆயின. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி அரியலூருக்கு வந்துவிட்டேன். இரண்டாயிரத்து ஆறில் ஒரு மத்தியானம் வாசலில் குரல். நாற்காலியைப் பஸ்ஸின் மேலே கட்டிக்கொண்டு வந்து இறங்கியிருந்தார். மடியில் ஓர் உறை.

"படிச்சு சொல்லும்மா. வேற யாரு படிச்சாலும் நம்ப மாட்டேன்."

படித்தேன். பேட்டன்ட் கிடைத்துவிட்டது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை நான் அழுதுவிட்டதால் அவர் எனக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"உள்ள வாங்கண்ணே, சாப்ட்டுட்டுப் போகலாம்" என்று எழுந்த பிறகுதான் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு மூன்று படி. அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "வெயில் நல்லாத்தான்ம்மா இருக்கு, இங்கயே குடு" என்றார். இருவரும் வாசலிலேயே சாப்பிட்டோம்.

மறுவாரம் கொத்தனாரை வரவழைத்தேன். எங்கள் வாசலில் இருக்கும் அந்தச் சரிவைப் பார்ப்பவர்கள் ஸ்கூட்டர் ஏற்றக் கட்டியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்களிடம் ஸ்கூட்டர் கிடையாது.