ஹட்யாய் பயணமும் நான் வைத்த பொட்டும்

கல்யாணமாகி எட்டு மாதமே ஆன மருமகள் செய்யக்கூடாத காரியங்களில் முதலாவது, மாமியாரை வெளிநாடு கூட்டிப்போகிறேன் என்று வாயை விடுவது. நான் விட்டேன். அதுவும் கிள்ளான் பண்டமாரானில், அவர் வீட்டு மேசையில், அவர் வைத்த நண்டுக் கறியை வழித்துத் தின்றுகொண்டிருந்தபோது. (கறி செய்த வேலை.)

அத்தைக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடக் கேண்டீனில் இருபது வருடம் மீ கோரெங் பிரட்டியவர். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும் நாட்டைவிட்டு ஓரடி எடுத்து வைத்ததில்லை.

"தாய்லாந்துக்கா? நம்ம காடியிலயேவா?" என்றார். காரிலேயே எல்லையைத் தாண்டலாம் என்பது அவருக்குப் புதுச் செய்தி. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லையைத் தாண்டியதும் வரும் ஹட்யாய் நகரத்துக்கு மூன்று மாதம் திட்டம் போட்டேன். கிள்ளானிலிருந்து எல்லைவரை எங்கே காருக்கு எண்ணெய் ஊற்றுவது, எங்கே தே தாரிக் குடிப்பது, எங்கே ஒன்றுக்குப் போவது என்று நேரத்தோடு அட்டவணை எழுதி அதை லேமினேட்டும் செய்தேன். தாய்லாந்துக்கான கார் இன்சூரன்ஸ், காரின் பதிவுப் பத்திரம், நுழைவுப் படிவம், எல்லாவற்றிலும் மூன்று நகல்.

"ஹட்யாய்க்குத்தான் போறோம், நிலாவுக்கு இல்ல" என்றார் என் கணவர் தினேஷ். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். மாமா மட்டும், "நாய்க்கு யாரு சோறு வைக்கிறது?" என்று நழுவிவிட்டார். (புத்திசாலி.)

புறப்படும் நாள் விடியற்காலையில் காருக்குப் பூசை. அத்தை சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். எனக்கு உற்சாகம் பீறிட்டது. காருக்கு மட்டும் செய்தால் போதுமா? எல்லையில் பார்க்கப்போவது பாஸ்போர்ட்டை அல்லவா? சாமி மேடைக்கு ஓடினேன். மூன்று பாஸ்போர்ட்டையும் விரித்து, ஒவ்வொரு படத்தின் நெற்றியிலும் சந்தனம் குழைத்து ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். அத்தைக்கும் தினேஷுக்கும் கடுகளவு. என் நெற்றி அகலம் என்பதால் எனக்குத் தாராளமாக. மூடி, பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வழியெல்லாம் கும்மாளம். ஈப்போவைத் தாண்டியதும் அத்தை பாட ஆரம்பித்தார். கெடா வயல்களைப் பார்த்து, "இதுதான் தாய்லாந்தா?" என்று மூன்று முறை கேட்டார். அட்டவணையைவிட ஐந்து நிமிடம் முன்னதாகவே எல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். பின்சீட்டில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குடிநுழைவு அதிகாரி முதலில் திறந்தது அத்தையின் பாஸ்போர்ட்டை. "இனி அபா, காக்?" இது என்னக்கா என்று மலாயில் கேட்டு, அதைக் காருக்குள் நீட்டினார். அத்தை பார்த்தார். தன் படம். நெற்றியில் சந்தனம், குங்குமம். மாலை ஒன்றுதான் பாக்கி. நம் வீடுகளில் எந்த மனிதர்களின் படத்துக்குப் பொட்டு வைப்போம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அடியே மாலா! உசுரோட முன்சீட்ல உக்காந்திருக்கேன்லா! அதுக்குள்ள என்னைப் படமாக்கிட்டியா?"

"இல்லத்தை, நல்லபடியா போய்ச் சேரணும்னு..."

"எங்கடி? மேலயா?"

தினேஷ் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கினார். அதிகாரி டிஷ்யூ கொடுத்தார். துடைத்ததில் இரண்டு பாஸ்போர்ட் பிழைத்துக்கொண்டன. என்னுடையதைத் திறக்கவே முடியவில்லை. சந்தனம் காய்ந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பலங்கொண்டு இழுத்தேன். எதிர்ப்பக்கம் பாதி கிழிந்து படத்தோடு வந்தது.

"ரோசாக்" என்றார் அதிகாரி வருத்தமாக. கெட்டுப்போன பாஸ்போர்ட்டோடு வெளியே போக முடியாது, மற்ற இருவரும் போகலாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் போகாதது கூடப் பெரிதில்லை. சகுனம் சரியில்லை, வீட்டுக்குத் திருப்பு என்று அத்தை சொல்லிவிட்டால்? ஐம்பத்தெட்டு வருடம் கழித்துக் கிளம்பியவரை வாசலிலேயே நிறுத்திய பாவம் என்னுடையது.

அத்தை கையை நீட்டினார். "அந்த அட்டவணையக் குடு."

"அத்தை?"

"மூணு மாசம் ராப்பகலா ப்ளான் போட்டிருக்கே. வீணாக்கலாமா? நீ சாங்லூன்ல ரூம் எடுத்துத் தங்கு. நாளைக்கு வந்து கூட்டிக்கிறோம்."

என்னை அங்கே இறக்கிவிட்டுப் போயே போய்விட்டார்கள். எல்லைக்கு இப்பால் சாங்லூன் ஹோட்டல் கட்டிலில் உட்கார்ந்து மேகி கோரெங் சாப்பிட்டபடி வீடியோக்களைப் பார்த்தேன். டுக்டுக்கில் அத்தை, மாம்பழச் சோற்றோடு அத்தை, "மாலா, இங்க பாரேன்!" என்று கூவும் அத்தை. அவ்வளவு சின்னப் பெண்ணாக அவரை நான் பார்த்ததே இல்லை. அழுதுகொண்டே சிரித்தேன்.

அதற்குப்பின் அவரை நிறுத்த முடியவில்லை. கிராபி, மேடான், வியட்நாம் என்று வருடம் ஓர் ஊர். (புது பாஸ்போர்ட் எடுத்து நானும் எல்லாவற்றுக்கும் கூடவே போயிருக்கிறேன். யாரும் நம்புவதில்லை.) போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்தில், "யாருக்கா உங்கள இத்தனை ஊருக்குக் கூட்டிட்டுப் போறது?" என்று ஒரு பெண்மணி அத்தையைக் கேட்டார்.

அத்தை என்னைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"இவதான், என் மருமக. ப்ளான் எல்லாம் பிரமாதமா போடுவா. பார்டர் வரைக்கும் வந்து வழியனுப்பிட்டும் போவா."