தளவாய்புரம் மாமா ஜெயித்த ஆட்டம்

அபி, தேனு, இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் காபி ஆறுவதற்குள் நீங்கள் சொல்லி முடித்துவிடுகிற அந்தக் கதையை, இந்த ஒரு தடவை நான் சொல்கிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல நான் இழந்த தொகை ஏறிக்கொண்டே போகிறது. போன பொங்கலுக்கு அது இருபதாயிரத்தில் நின்றது. சரியான தொகை ஏழாயிரத்து ஐந்நூறு. என் முட்டாள்தனத்தில் மட்டும் நீங்கள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்ட அதில் இடமும் இல்லை.

கையில் புதுப் போன் வந்துவிட்டால் பத்தாவது படித்தவனுக்கும் பட்டதாரி நடை வந்துவிடுகிறது. நான் அந்தப் பத்தாவதையே இரண்டு வருடம் படித்தவன் (ஆழமாகப் படித்தேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்). ராஜபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பி சுற்றி ஓட வைக்கிறவனுக்கு உள்ளங்கை அளவு போன் எம்மாத்திரம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. மோட்டார் தப்பாகக் கட்டினால் புகை வரும், உடனே தெரிந்துவிடும். போனில் புகை வராது. அதுதான் வித்தியாசம்.

அந்த வருடம் அபி ஆறாவது முடித்திருந்தாள். மே மாத லீவுக்கு வழக்கம்போல ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உங்கள் தாத்தா வீட்டுக்குப் போனோம். அங்கே போனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டிரேடு அட்டையை விரிக்காமல் ஒரு நாளும் போகாது. பகடை உருட்டி, ஊர்களை விலைக்கு வாங்கி, அதில் வீடு கட்டி, அடுத்தவர் காய் வந்து நின்றால் வாடகை வாங்குகிற ஆட்டம். காசு தீர்ந்தவர் வெளியே. கடைசியில் மிஞ்சுகிறவரின் பெயரைத் தாத்தா தன் மைப்பேனாவால் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதுவார். வருடத்துக்கு ஒரு பெயர்தான். லீவின் முதல் ஆட்டத்தில் ஜெயித்தவர் பெயர். மூடியில் ஏழு வரி இருந்தது. ஏழிலும் தாத்தா பெயர்.

எட்டாவது வரியில் தன் பெயர் வர வேண்டும் என்பது அபியின் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. முழுப்பரீட்சைக்குக்கூட அவள் அப்படித் தயாரானதில்லை.

தாத்தாவை ஜெயிப்பது லேசில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் காசாளராக இருந்தவர். ஆட்டத்திலும் அவர்தான் வங்கி. ஆளும் அவர், வங்கியும் அவர், நோட்டெல்லாம் அவர் தொடைக்கு அடியில்.

"தாத்தா, பேங்க் பணமும் ஒங்க பணமும் ஒரே எடத்துலயா இருக்கும்?" என்று அபி முந்தின வருடமே கேட்டிருக்கிறாள்.

"வலது தொட பேங்க். எடது தொட நான். ஆடிட்டிங்கே முடிஞ்சிருச்சு, நீ உருட்டு."

அந்த வருடம் பெட்டியைத் திறந்தால் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் அரித்துக் கிடந்தன. முந்தின லீவில் யாரோ பால்கோவாக் கையோடு காசு வாங்கியிருக்கிறார்கள். மிச்சத்தை எறும்பு வாங்கிக்கொண்டது. அபி முகம் வாடியதைப் பார்த்ததும் நான் எழுந்தேன். (அப்போது உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.)

"மாமா, நோட்டே வேண்டாம். இப்பல்லாம் இதுக்குன்னே ஆப் இருக்கு. அவுக அவுக பேர்ல கணக்கு. நான் தட்டுனா அங்குட்டு ஏறும், இங்குட்டு எறங்கும். தப்பே வராது."

தாத்தா என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பேங்க்கு ஆரு மாப்ள?"

"நான்தான் மாமா."

"சரி," என்றார். முப்பது வருடச் சர்வீஸில் எத்தனையோ மேனேஜர்களிடம் சொல்லிப் பழகிய 'சரி' அது.

ஆப்பை இறக்கி ஒவ்வொருவருக்கும் கணக்குத் திறந்தேன். அபி, தேனு, உங்கள் அம்மா செல்வி என்று பெயர் போட்டவன், தாத்தாவுக்கு வந்ததும் விரல் நின்றது. மாமனாரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித் தட்டலாமா? 'மாமா' என்று போட்டேன். இதில் ஒன்றும் புதுமை இல்லை. என் போனில் பெரியவர்கள் யாருக்குமே பெயர் கிடையாது. 'மாமா', 'மாமா 2', 'மாமா புது நம்பர்', 'மாமா கம்பிக்கடை' என்று ஒன்பது மாமாக்கள் வரிசையாக இருந்தார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. ஆப்பில் ஒரே ஒரு தொல்லை. மூன்று தடவை காசு மாற்றினால் ஒரு விளம்பரம் வந்து திரை முழுக்க உட்கார்ந்துகொள்ளும். ஒரு ஆள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரம்மி ஆட வா, வா என்று கூப்பிடுவான். ஐந்து விநாடி கழித்து மூலையில் கடுகளவுக்கு ஒரு 'ஸ்கிப்' முளைக்கும். காயில் கட்டிக் காய்த்துப்போன என் விரலுக்கு அந்தக் கடுகு அகப்படாது. எங்கேயாவது பட்டு ஆப் மொத்தமும் மறைந்துவிடும். மறுபடி போய்த் திறப்பேன்.

மூன்று மணிக்குள் உங்கள் அம்மா வேண்டுமென்றே தோற்று வாழைக்காய் பஜ்ஜி போடப் போய்விட்டாள். தேனு தன் ஊர்களையெல்லாம் இரண்டு சாக்லேட்டுக்கு அக்காவிடம் விற்றுவிட்டாள். மிஞ்சியது தாத்தாவும் அபியும். அபியிடம் பம்பாய் இருந்தது. அதில் மூன்று வீடு கட்டி, கட்டியதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடகை மூவாயிரத்து ஐந்நூறு. தாத்தா கணக்கில் நானூறு ரூபாய்.

அப்போது தாத்தா ஒரு சீட்டு எடுத்தார். 'வருமான வரி திரும்பக் கிடைத்தது, வங்கி தரும் ரூ. 2,500.'

"ஏத்துங்க மாப்ள. அது ஏறட்டும், நான் உருட்டுதேன்."

நான் போனைக் கையில் எடுக்கவும் ரம்மிக்காரன் வந்தான். ஸ்கிப்பை அழுத்தினேன். திரை மறைந்தது. மறுபடி திறந்தேன். மேலேயே 'மாமா' இருந்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு என்று தட்டினேன். ரகசிய எண் கேட்டது.

இந்த இடத்தில் யாராயிருந்தாலும் நின்று யோசித்திருப்பார்கள். நான் பூரித்துப்போனேன்.

"பாத்தியளா மாமா. வெளையாட்டுப் பணத்துக்கே பின் நம்பர் கேக்கான். எம்புட்டுப் பாதுகாப்பு."

எண்ணைப் போட்டேன். 'டிங்' என்றது.

அதற்குள் தாத்தாவின் காய் போய்ப் பம்பாயில் நின்றிருந்தது. அபி எழுந்து நின்றுவிட்டாள். "தாத்தா, மூவாயிரத்து ஐநூறு. ஒங்கள்ட்ட நானூறு. பேங்க்கு ரெண்டாயிரத்து ஐநூறு குடுத்தாலும் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அறுநூறு கொறையுது. நீங்க அவுட்டு."

"மொதல்ல பணம் ஏறட்டும் தாயி. பொறவு அவுட்டா இல்லியான்னு பேசுவோம். மாப்ள, ஏறிட்டா?"

கணக்குப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். தாத்தா பெயருக்கு நேரே அதே நானூறு. (பணம் அனுப்பிய பக்கம் ஒன்று, கணக்குப் பார்க்கும் பக்கம் ஒன்று, இரண்டும் ஒரே ஆப்பின் இரண்டு பக்கங்கள் என்று நினைத்திருந்தேன். அவை இரண்டு வேறு ஆப்புகள். இரண்டுக்கும் ஊதா நிறம், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.)

"சர்வர் பிஸி மாமா," என்றேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. மறுபடி அனுப்பினேன். 'டிங்'. போய்ப் பார்த்தால் நானூறு.

"சங்கத்துல நான் ஒரு நாளும் சனங்கள இம்புட்டு நேரம் நிக்க வச்சதில்ல," என்றார் தாத்தா.

ரோஷம் வந்து மூன்றாம் தடவையும் அனுப்பினேன்.

சட்டுவத்தோடு உங்கள் அம்மா வந்து நின்றாள். வங்கிச் செய்தியெல்லாம் அவள் போனுக்குத்தான் போகும். என்னை நம்பாமல் அல்ல, என் போன் மாதம் ஒரு தடவை வார்னிஷ் டப்பாவில் விழும்.

"ஏங்க, ரெண்டாயிரத்து ஐநூறு, ரெண்டாயிரத்து ஐநூறுன்னு மூணு தடவ போயிருக்கு. ஆருக்கு?"

"ஒங்கப்பாவுக்குத்தான். வெளையாட்டுக்கு."

"வெளையாட்டுக் காசுக்கு பேங்க்காரன் எனக்கு எதுக்கு மெசேஜ் போடுதான்?"

நல்ல கேள்வி. பதில் யோசிப்பதற்குள் என் போன் அடித்தது. திரையில் 'மாமா'. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் மாமா கையில் பகடை மட்டும்தான் இருந்தது. இவர் எப்படிப் போன் செய்கிறார் என்று ஒரு கணம் அவர் வாயையே பார்த்தேன்.

போனில் வந்தது தளவாய்புரம் மாமா. என் அம்மாவுக்குத் தம்பி முறை. ஆறு மெஷின் போட்டு நைட்டி தைக்கிறவர். தை மாதம் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். பத்திரிகையில் என் பெயர் விட்டுப்போனதென்று நான் முறுக்கிக்கொண்டு போகவில்லை, மொய்யும் செய்யவில்லை. நாலு மாதமாகப் பேச்சு இல்லை. ஸ்பீக்கரை யார் தட்டியது என்று தெரியவில்லை, வீடே கேட்டது.

"ஏலே மாப்ள, ஒன்னையத் தப்பா நெனச்சுட்டேன்லே."

"மாமா, அது வந்து..."

"பேசாத. பேரு விட்டுப்போனது எந் தப்பு. நேர்ல வராட்டாலும் மொய்ய மறக்கல பாரு. அதுவும் ஒண்ணாப் போட்டா நான் கூச்சப்படுவேன்னு மூணாப் பிரிச்சுப் போட்ருக்க. அந்த மனசு ஆருக்கு வரும்?"

"மாமா, அது வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டா செஞ்சாலும் பெருசா செஞ்சிருக்க. ஒங்க அத்தை நோட்டுல ஏத்திட்டா. ஏட்டி, சத்தமா வாசி, அவனும் கேக்கட்டும்."

அத்தையின் குரல் தெளிவாக வந்தது. "ராசபாளையம் காயில்கடை மாப்ள. ஏழாயிரத்து ஐநூறு."

மொய் நோட்டில் பேனா பட்ட பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்ட மனிதன் எங்கள் பக்கத்தில் இதுவரை பிறக்கவில்லை. "சந்தோசம் மாமா," என்றேன். அது மகாராஜபுரத்துக்காரர் ஒருவரின் கிணற்று மோட்டாருக்குக் கம்பி வாங்க வைத்திருந்த பணம். பஜ்ஜி கருகும் வாசனை வந்தது. யாரும் போகவில்லை.

முதலில் பேசியது அபிதான். "தாத்தா, வாடக."

"பேங்கே திவாலாயிருச்சு தாயி. பேங்க்கு பணம் ஏத்தாம நான் எப்படித் தோப்பேன்? ஆட்டம் செல்லாது."

"ஏத்தியிருந்தாலும் அவுட்டுதான."

"ஏத்தலயே."

சட்டப்படி அவரை அசைக்க முடியாது. மைப்பேனாவைத் திறந்தார். மூடியின் எட்டாவது வரியில், சங்கத்துப் பேரேட்டில் எழுதுவது போல் நிதானமாக எழுதினார்: 'வென்றவர்: தளவாய்புரம் மாமா. (நேரில் வரவில்லை.)'

வீடு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அபி மட்டும் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. பம்பாயிலிருந்து மூன்று வீட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து, "அப்பா, நாந்தான ஜெயிச்சேன்?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் போனைப் பார்த்துக்கொண்டு, "செத்த இரு," என்றேன். அந்தச் செத்த நேரம் இன்னும் முடியவில்லை.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாண வீடுகளில் தளவாய்புரம் மாமா நுழைந்ததும் நம் ஆட்கள் "சாம்பியன் வாராரு" என்பார்கள். அவரும் ஏன் என்று தெரியாமல் கும்பிடு போட்டுக்கொண்டு வருவார். தேனு காதுகுத்துக்கு எட்டாயிரம் மொய் செய்தார். ஆகக் கணக்குப் பார்த்தால் எனக்கு ஐந்நூறு லாபம், மரியாதை மட்டும் நஷ்டம். குழம்பில் உப்பு இல்லை என்று நான் சொன்னால் உங்கள் அம்மா சொல்லும் பதில், "சர்வர் பிஸி". அடுத்த வருடம் அபி தாத்தாவை நியாயமாகவே ஜெயித்து ஒன்பதாவது வரியில் ஏறினாள். ஆனாலும் எட்டாவது வரியைத்தான் எல்லோரும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஊர் திரும்பிய மறுநாள் மதியம், கரண்ட் இல்லை, கடையில் நான் மட்டும். அந்த ஆப்பை அழித்துவிடலாம் என்று திறந்தேன். ஆட்டம் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. மாமா, நானூறு. சரியான ஆப்தானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, வங்கியிலிருந்து மாமாவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஏற்றினேன். ஏறியது. பிறகு மாமாவிடமிருந்து அபிக்கு மூவாயிரத்து ஐந்நூறு என்று தட்டினேன். பணம் போதாது, இவரை ஆட்டத்திலிருந்து நீக்கலாமா என்று சிவப்பு எழுத்தில் கேட்டது. சுற்றிப் பார்த்தேன். பிரித்துப் போட்ட மோட்டார்களைத் தவிர யாரும் இல்லை. மனதுக்குள் மாமாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

திரை முழுக்கக் கலர் காகிதம் கொட்டியது. நடுவில் ஒரு தங்கக் கோப்பை, அதன் மேல் பெரிதாக 'அபி'. போனை ஒரு மோட்டார் கூட்டின் மேல் சாய்த்து நிறுத்தி வைத்துக்கொண்டு பார்த்தேன். உடனே ரம்மிக்காரன் வந்துவிட்டான். ஐந்து விநாடியில் ஸ்கிப்பும் வந்தது. நான் அழுத்தவில்லை. அவன் சொன்னதையெல்லாம் கடைசிவரை உட்கார்ந்து கேட்டேன்.