ஆயிரத்து இருநூறு கட்டு கோங்கூரா

எழுபதைத் தாண்டியவனுக்கு யாராவது வேலை கொடுத்தால் அவன் செய்யக்கூடிய ஆகப்பெரிய தவறு, அந்த வேலை தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைப்பது. நான் அதை நினைத்து முடிக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

என் மகள் கல்பனா மெட்டுகுடாவில் சமையல் கூடம் நடத்துகிறாள். எங்கள் வீட்டிலிருந்து இருநூற்றுப் பதினோரு அடி. அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புவது தொழில். ஒன்பது மனிதர்கள், மூன்று ஏஐ ஏஜென்ட்கள். ஒரு ஏஜென்ட் அலுவலகங்களிடம் ஆர்டர் வாங்கும். இன்னொன்று போவன்பள்ளி சந்தை வியாபாரிகளிடம் காய்கறி சொல்லும். மூன்றாவது வண்டிகளை அனுப்பும். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். எனக்கு வாயில் வராததால் ஒன்று, இரண்டு, மூன்று என்றே கூப்பிட்டேன். (கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டில் இப்படிக் கூப்பிட்டால் சோறு கிடைக்காது.)

ஒருநாள் கல்பனா சொன்னாள். "அப்பா, புதன்கிழமை பேகம்பேட்டில ஒரு கம்பெனிக்கு டிரையல் சாப்பாடு. நானூறு பேர். பிடிச்சிருந்தா வருஷம் முழுக்க நம்மளுக்குத்தான். கொள்முதல் நீங்க பாத்துக்குங்க. ரெண்டாவது ஏஜென்ட் எல்லாம் செய்யும், நீங்க எண்ணை மட்டும் சரிபாத்து ஓகே குடுங்க."

எண்! என்னிடம்! முப்பத்து நான்கு வருடம் ஒரு பணிமனையின் ஸ்டோர்ஸில் இருந்தவனிடம்! சட்டையை மாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

மெனுவில் கோங்கூரா பப்பு, கோங்கூரா பச்சடி. அதாவது நம் புளிச்சகீரை. யாதம்மா என்கிற தலைமைச் சமையல்காரியிடம் கேட்டேன். முந்நூறு கட்டு போதும் என்றாள்.

இங்கேதான் என் முப்பத்து நான்கு வருடம் குறுக்கே வந்தது. எங்கள் ஸ்டோர்ஸில் நூறு போல்ட் வேண்டுமென்றால் யாரும் நூறு என்று எழுத மாட்டோம். மேலே இருப்பவர் பாதியாக வெட்டுவார் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் இரட்டிப்பாக எழுதுவோம் என்று அவருக்கும் தெரியும். அவர் வெட்டுவார். நூறு வரும். அனைவரும் நிம்மதியாக ரிடையர் ஆனோம்.

எனவே அறுநூறு என்று போட்டேன்.

திரையில் இரண்டாம் நம்பர் கேட்டது: "ஐயா, அறுநூறு கட்டு என்று இருக்கிறது. உறுதியா?"

பழைய உலகத்தில் இப்படி ஒரு விசாரணை வந்தால் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினால் பொய் என்று தெரிந்துவிடும். எண்ணைக் கூட்டி, "மிக அவசரம்" என்று சேர்க்க வேண்டும். ஆயிரத்து இருநூறு போட்டேன். மிக அவசரம் என்றும் எழுதினேன். இரண்டாம் நம்பர் கல்பனாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறது. அவள் ஏதோ கூட்டத்தில் இருந்தபடி பதில் அனுப்பினாள்: "அப்பா எண்ணினா சரியாத்தான் இருக்கும்."

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. பின்னாலேயே இன்னொரு வண்டி. குளிர் அறை நிரம்பி, பனீரும் தயிரும் வாசலில் வியர்த்துக்கொண்டு நின்றன.

"ஏமண்டி சார் இதி?" என்ன சார் இது என்று தெலுங்கில் கேட்டு யாதம்மா இடுப்பில் கை வைத்தாள். "நானூறு பேருக்கா, நானூறு மாட்டுக்கா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? எண்ணினேன். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று நான்கு. ஆறு குறைகிறது என்று இரண்டாம் நம்பரிடம் புகார் கொடுத்தேன்.

"வியாபாரியிடம் சொல்லிவிட்டேன், ஐயா. வந்த ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று நான்கை என்ன செய்யலாம்? இவ்வளவு ஏன் தேவைப்பட்டது என்று தெரிந்தால் உதவுவேன்."

அதற்குள் கல்பனா வந்துவிட்டாள். கீரையைப் பார்த்தாள், தயிரைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. "ஏம்ப்பா?" என்றாள். அவ்வளவுதான். தயிர் கெட்டால் நாளைய சாப்பாடு கெடும், சாப்பாடு கெட்டால் அந்த கம்பெனி போச்சு. இத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

நான் போல்ட் கதையை முழுதாக ஒப்புக்கொண்டேன். கல்பனா நெற்றியில் கை வைத்தாள். இரண்டாம் நம்பர் மட்டும் எழுதியது: "புரிந்தது, ஐயா. இங்கே உங்கள் எண்ணை யாரும் வெட்ட மாட்டார்கள். தேவையானதை மட்டும் சொன்னால் போதும். யாதம்மா கேட்டது முந்நூறு என்பதை நானும் விசாரித்து, கல்பனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறு."

முப்பத்து நான்கு வருடத்தில் "என் தவறு" என்று ஒரு அலுவலகக் குறிப்பில் படித்தது அதுவே முதல் தடவை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

பிறகு அவை மூன்றும் வேலை செய்த அழகை நான் நின்று பார்த்தேன். முதல் ஏஜென்ட் பழைய வாடிக்கையாளர்களிடம் அன்றைய மெனுவை மாற்றலாமா என்று கேட்டது. இரண்டு அலுவலகங்கள் சம்மதித்தன. முந்நூற்று இருபது கட்டு ஒழிந்தது. மூன்றாவது, குளிர்வசதி உள்ள வண்டியை வாசலுக்கு வரவழைத்துத் தயிரைக் காப்பாற்றியது. டிரையலுக்கு முந்நூறு போக மீதி ஐந்நூற்று எழுபத்து நான்கு. தொக்காகக் கிளறி நாளை ஆளுக்கொரு சின்ன டப்பா கொடுக்கலாம் என்றாள் யாதம்மா. இரண்டாம் நம்பர் கணக்குப் போட்டது: ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு கட்டு ஆய்ந்தால், பதினாறு பேர், மூன்று மணி நேரம். "என்னால் கீரை ஆய முடியாது, ஐயா. பதினாறு பேரை உங்களுக்குத் தெரியுமா?"

தெரியுமாவா! எங்கள் காலனியில் ஓய்வுபெற்றவர்கள் மட்டும் நாற்பத்தொரு பேர். வீடு வீடாகப் போனேன். என் மனைவி அலமேலுதான் முதல் ஆள்.

"கைக்கு இத்தனை வாங்கினீங்க?" (இந்த ஊர் உருதுவில் கைக்கு என்றால் எதுக்கு.)

"அதை அப்புறம் சொல்றேன்."

"நக்கோ, நக்கோ. அப்புறம்லாம் வேணாம். அங்க எல்லாருக்கும் முன்னாடி சொல்லுங்க."

சொன்னேன். பதினேழு பேர் கீரை ஆய்ந்துகொண்டே சிரித்தார்கள். மதியம் ஒன்றே காலுக்குக் கடைசிக் கட்டு முடிந்தது.

புதன்கிழமை பேகம்பேட்டில் நானூறு டப்பாவும் தீர்ந்துபோயின. வருடம் முழுக்க வாரத்துக்கு ஐந்து நாள் என்று கல்பனா கனவு கண்டிருந்தாள். கிடைத்தது மூன்று நாள். ஆனால் மூன்று நாளும் கோங்கூரா தொக்கு வேண்டும் என்று எழுதியே கேட்டார்கள். கொள்முதல் இன்னும் என்னிடம்தான். இரண்டாம் நம்பரும் நானும் தினமும் காலை ஏழரைக்கு உட்காருகிறோம். அது சந்தை விலையைச் சொல்லும், நான் கட்டின் கனத்தைச் சொல்வேன். இத்தனை பொறுமையான சக ஊழியர் அந்த முப்பத்து நான்கு வருடத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

வீட்டில்தான் பிழைக்க முடியவில்லை. இரண்டு தோசை கேட்டால் அரைத் தோசை வருகிறது. போன வாரம் மருத்துவமனையில் டாக்டர் வயதைக் கேட்டார். எழுபத்து மூன்று என்றேன்.

"நாலால வகுத்துக்குங்க டாக்டர்," என்றாள் அலமேலு.

டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதினெட்டேகால் வரும், டாக்டர்," என்றேன்.