எஞ்சினைப் பல்லால் கேட்டவர்

எஞ்சின் அண்ணையைப் போலத் தன் காதுகளை வதைத்த மனிதர் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே இல்லை. உள்ளிப்பூண்டு பொரித்த நல்லெண்ணெய், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய தாய்ப்பால், வேப்பெண்ணெய், ஒருமுறை மண்ணெண்ணெய். இவ்வளவையும் ஊற்றிவிட்டு, கோழி இறகால் துடைப்பார்.

குருநகரில் படகு எஞ்சின் திருத்துபவர் அவர். சொந்தப் பெயர் மனைவி ஸ்டெல்லா அக்காவுக்கு மட்டும்தான் நினைவிருந்தது. திருத்திய எஞ்சினைக் கடலில் ஓட்டிப் பார்த்ததும் படகிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, நீந்தித்தான் கரைக்கு வருவார். "எஞ்சின் குளிச்சிட்டுது, நான் குளிக்க வேண்டாமே?" என்பார். ஒவ்வொரு குளிப்புக்கும் பிறகு காதில் சீழ் வடியும். மருந்து விட்டால் நிற்கும். அடுத்த எஞ்சினோடு திரும்பவும் வடியும்.

கேட்கும் திறனைச் சோதிப்பது என் தொழில். ஸ்டெல்லா அக்கா அவரை இழுத்துக்கொண்டு வந்த அன்று, அண்ணை வாசலிலேயே அறிவித்தார்:

"பிள்ளை, எனக்கு எல்லாம் கேக்குது. மனிசி கதைக்கிறதுதான் கேக்கேல்லை. அது என்ரை காதின்ரை பிழையில்லை."

"பாத்தியளே தங்கச்சி! கத்திக் கத்தி என்ரை தொண்டைதான் போட்டுது," என்றார் ஸ்டெல்லா அக்கா.

தனக்குக் காது கேட்கிறது என்பதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது. ஆணி முடுக்கும் நீளமான திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறு முனையைப் பல்லால் கடிப்பார். உள்ளே எது தேய்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அது பிழைத்ததே இல்லை.

சோதனை அறையில் காதுகளுக்கு மேல் ஹெட்போனை மாட்டினேன். சத்தம் கேட்டால் அமத்துவதற்காகக் கொடுத்த பட்டனில் விரலை வைத்தபடி சிலைபோல இருந்தார். சத்தத்தைக் கூட்டினேன். சிலை அசையவில்லை. பிறகு காதின் பின்னெலும்பில் அதிர்வுக் கருவியை வைத்தேன். வலப்பக்கத்துக்குப் பட்டனை அமத்தோ அமத்தென்று அமத்தினார். வலது காது குறுக்கே கேட்காதபடி அதற்குள் இரைச்சல் விட்டு, இடப்பக்கத்தைச் சோதித்தேன்: மறுபடியும் சிலை.

கருவியைத் திரும்பவும் வலப்பக்க எலும்பில் வைத்து, அதன் வழியாகவே அவரோடு கதைத்தேன்.

"அண்ணை, நீங்கள் எஞ்சினைக் காதாலை கேக்கேல்லை. எலும்பாலை கேக்கிறியள். செவிப்பறை ரெண்டிலையும் ஓட்டை. வலது காதின்ரை உள்பக்கம் இன்னும் நல்லாய் இருக்கு."

"அப்ப கேஸ்கட் மாத்தினால் சரி."

"ஓம். வைத்தியர் காதுக்கு மேலையிருந்து மெல்லிய சவ்வு எடுத்து ஒட்டுவார். ஆனால் அதுக்கு முதல் காது காய வேணும். ஒட்டினாப் பிறகும் ஆறும் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

"இடது?"

இடப்பக்கம் எலும்பு வழியாகவும் எதுவும் போகவில்லை. கிருமி உள்காது வரை போயிருந்தது.

"அது போட்டுது அண்ணை. இனித் திரும்பாது. கடலிலை பாய்ஞ்சால் வலதுக்கும் உதுதான் நடக்கும். பிறகு திருப்புளி கடிச்சாலும் ஒண்டும் கேக்காது."

அவர் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தார். "இவ்வளவு நாளும் உண்மையாத்தான் கத்தினீரோ?" என்று கேட்டார்.

அதன்பிறகு குருநகர் ஒரு புதுமையைக் கண்டது. எஞ்சின் அண்ணை காதில் வாஸ்லின் தடவிய பஞ்சோடு, படகில் குடை பிடித்து நின்றார். வெயிலுக்கல்ல, தெறிக்கும் கடல்நீருக்கு.

"அண்ணை, பொம்பிளை பாக்கவோ போறியள்?" என்று படகுக்காரர்கள் கூப்பிட்டுக் கேட்பார்களாம். நல்லவேளை, அவருக்கு அது கேட்கவில்லை. காது காய்ந்தது. சத்திரசிகிச்சையும் நடந்தது.

காதிலிருந்த பஞ்சை வைத்தியர் எடுத்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். ஸ்டெல்லா அக்கா, பழக்கதோஷத்தில், அண்ணையின் முதுகுக்குப் பின்னால் நின்று முழுத் தொண்டையில் கூப்பிட்டார்:

"இஞ்சேருங்கோ!"

அவர் துள்ளித் திரும்பினார். "ஏனப்பா கத்திறீர்? மெதுவாய்க் கதையுமன்!"

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மெதுவாகக் கதைப்பது எப்படி என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

இப்போது ஸ்டெல்லா அக்கா எப்போதும் அவருக்கு வலப்பக்கமாகத்தான் நடக்கிறார். வீதியில் அவர்களை எதிரே கண்டால், நானும் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்றுதான் கதைக்கிறேன்.