சரசுவைப் பெண் பார்க்க வந்தபோது நான் வாங்கிய விறகு

விறகைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று புகுந்த வீட்டில் எந்தப் பெண்ணும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஆயுசுக்கும் அந்த வேலை அவள் தலையில்தான். (நான் திறந்தேன். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த புதிது. எல்லாருக்குமே வாய் கொஞ்சம் நீண்டிருந்த காலம்.)

ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி, டவுனை ஒட்டிய காஜா பெராங்குக்கு வந்திருந்தேன். ரப்பர் கட்டை சீக்கிரம் எரிந்து சாம்பலாகிவிடும், கடலோரச் சேற்றில் வளரும் பாக்காவ்தான் சிவப்பாக, கனமாக, நின்று எரியும் என்று கேட்காதவர்களுக்கும் பாடம் நடத்தினேன். அதனால், நாத்தனார் சரசுவைப் பெண் பார்க்க மூவாரிலிருந்து வருகிறார்கள் என்றதும், பலகாரத்துக்கு விறகு வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

விறகுக் கடையில் பாக்காவ் தீர்ந்திருந்தது. பக்கத்துத் தச்சுப்பட்டறை வாசலில் துண்டுக் கட்டைகள் குவிந்து கிடந்தன. ரத்தச் சிவப்பு, நல்ல கனம். மலாய்த் தச்சர், "காயு இனி பானாஸ், காக்," என்றார். இந்த மரம் பானாஸ், அக்கா என்கிறார். பானாஸ் என்றால் சூடு. விறகுக்கு வேறென்ன வேண்டும்? சந்தோஷமாகச் சுமந்து வந்தேன்.

அது ரெங்காஸ் மரம். அதன் பாலோ புகையோ பட்டால் உடம்பு வெந்த மாதிரி தடித்துவிடும். அதைத்தான் அந்த மனிதர் பானாஸ் என்றிருக்கிறார். நானும் சரசுவும் சாயங்காலம் வரை அந்த அடுப்பின் முன் உட்கார்ந்து முறுக்கு சுட்டோம். விறகு அருமையாக நின்று எரிந்தது.

மறுநாள் காலையில் எனக்குக் கண் திறக்கவில்லை. சரசுவின் முகம் பூரியாக உப்பியிருந்தது. மாமியார் எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"முன்ன பொண்ணு பார்க்க வந்தவங்கள்லாம் ஊருக்குப் போய் லெட்டர் எழுதுறோம்னாவது சொல்லிட்டுப் போனாங்க. இவங்க அதுகூடச் சொல்ல மாட்டாங்க."

பஸ் ஏறிவிட்டவர்களைத் தடுக்க வழியில்லை. சரசு காப்பித் தட்டோடு தடவித் தடவி நடந்து வந்தாள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க ஆச்சு?"

"அண்ணி வாங்கின விறகு," என்றாள் சரசு. பெண் பார்க்கும்போது பெண் பேசுவது அப்போது வழக்கமில்லை.

அவர் சிரித்துவிட்டார். அன்றே சம்மதமும் சொன்னார்.

அத்தோடு முடிந்ததா? கல்யாணத்தன்று வீக்கம் வற்றிய முகத்தோடு சரசு மணவறைக்கு வர, மாப்பிள்ளையின் அத்தை எழுந்து, "நாம பார்த்த பொண்ணு இது இல்ல, மாத்திட்டாங்க," என்றார். பஞ்சாயத்து பேசி முடிப்பதற்குள் நல்ல நேரம் போய்விடும் போலிருந்தது. கடைசியில் மாப்பிள்ளைதான், "குரல் அதே குரல்தான் அத்தை," என்று சொல்லித் தாலி கட்டினார்.

இன்றைக்கும் சரசு கோபித்து முகத்தை உப்ப வைத்துக்கொண்டால், "இதோ, நான் பார்த்த பொண்ணு வந்துட்டா," என்கிறார் அவர். உடனே வீடு மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கிறது. கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது என்று இவர்களுக்கு யார் சொல்வது?